காசு கொடுத்து ஒண்டுக்குடித்தனம்

என் கணவர் முதலில் காட்டிய படம் ஒரு சமையலறை. நீளமான கூடம், சுவரை ஒட்டி வரிசையாகப் பாத்திரம் கழுவும் தொட்டிகள், எதிர்ச்சுவரில் வரிசையாக அடுப்புகள், நடுவில் மரப் பெஞ்சுகள். தலை நரைத்த வெள்ளைக்காரர் ஒருவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் குளியலறை வரிசை. அதற்கடுத்ததில் துணி துவைக்கும் இடம். வெளியே கொடியில் யார் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.

"எப்டிக்கீது?" என்றார்.

"எங்க வீடு மாதிரியே இருக்கு" என்றேன்.

பெருமையாகச் சிரித்தார். நான் எந்த வீட்டைச் சொன்னேன் என்று அவருக்கு விளங்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் பிறந்து வளர்ந்த ஸ்டோர் வீட்டைச் சொன்னேன். ஒன்பது குடித்தனம், ஒரு அடிபம்பு, ஒரு துவைக்கிற கல், இரண்டு கழிப்பறை. காலையில் ஆளுக்குப் பதிலாக வாளிகள் வரிசையில் நிற்கும். யாருடைய வாளி எது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வாளியை இன்னொருவர் தள்ளி வைத்தால் அன்று சாயங்காலம்வரை அதுதான் சண்டை. பரீட்சை நாட்களில் எனக்கு மட்டும் வரிசையில் சலுகை உண்டு. பத்தாம் வகுப்பில் நான் தேறியதற்கு அந்த எட்டுக் குடும்பங்களும் பங்கு கேட்டார்கள், நியாயம்தான்.

கல்யாணமாகி வந்தபோது இவருக்குத் துறைமுகக் குடியிருப்பில் வீடு. தனிக் கழிப்பறை. மாப்பிள்ளையைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

ஆக, மாநகராட்சிப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றபிறகு, விமானம் ஏறி நியூசிலாந்து போய், டாலரில் காசு கொடுத்து, துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு குளியலறை வாசலில் நிற்க வேண்டும் என்கிறார் இந்த மனிதர். நாங்கள் இந்தப் பயணத்தைத் திட்டமிட்ட எட்டு மாதக் கதை இந்த இடத்தில்தான் தொடங்கியது.

ஏன் நியூசிலாந்து? அதற்கு ஒரு மணி காரணம்.

இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் ஒருநாள் ஒரு செய்தி வந்தது: சோழர்கள் நியூசிலாந்தை ஆண்டார்கள், ஆதாரம் அங்கே கிடைத்த தமிழ் மணி. படித்துவிட்டு இவர் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. ஆசிரியை புத்தி எனக்குச் சும்மா இருக்குமா, தேடிப் பார்த்தேன். சோழர்கள் ஆளவில்லை. ஆனால் மணி உண்மை. வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி 1836 வாக்கில் வடக்குத் தீவின் வாங்கரே பக்கம் போனபோது, அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். அது பாத்திரமல்ல, உடைந்துபோன ஒரு கப்பல் மணியின் மேல்பகுதி. ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது. பெயரைப் பார்த்தால் நம் கடற்கரைத் தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவருடைய கப்பலாகத்தான் இருக்க வேண்டும். அந்த மணி அவ்வளவு தெற்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்களே தவிர, இன்றுவரை முடிவான பதில் கிடையாது. இப்போது அது வெலிங்டனில் இருக்கும் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சோழர் போனதைவிட எனக்கு இதுதான் பிடித்தது. யாரோ ஒரு கப்பல்காரர் தன் பெயரைப் பொறித்து வைத்த மணி, கடைசியில் யாரோ ஒரு பெண்ணுக்குக் கிழங்கு வேகவைக்க உதவியிருக்கிறது. இவரோ, முப்பத்தைந்து வருடம் கப்பலில் சரக்கு ஏற்றியவர். ஒரு கப்பலிலும் ஏறிப் பயணம் போனதில்லை. "அந்த மணிய ஒரு தபா பாத்துட்டு வந்துரலாம்மா" என்றார். சரி என்றேன். அப்போது அவர் கழிப்பறை விவரத்தைச் சொல்லவில்லை.

மணி பார்க்கப் போவதென்றால் நேரே வெலிங்டன் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பேக்கேஜ் டூரில் போகலாம். மகள் அதைத்தான் சொன்னாள்: "அம்மா, எட்டு நாள், சாப்பாட்டோட கூட்டிட்டுப் போறாங்க. இந்த வயசுல எதுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு?" நியாயமான கேள்வி. ஆனால் எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் அனுபவம் உண்டு. மலேசியா, சிங்கப்பூர், ஆறு நாள். காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். பத்து மலை முருகன் கோவிலுக்கு மொத்தம் நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். 272 படி. என் முட்டி வாதத்தோடு நூறு படி ஏறி மூச்சு வாங்கி நின்றபோது கீழேயிருந்து விசில். அதற்குமேல் ஏறினால் பஸ் போய்விடும். வாசலில் நிற்கும் 140 அடி முருகனோடு படம் எடுத்துக்கொண்டு, குகையில் இருக்கும் முருகனைப் பார்க்காமல் திரும்பினேன். அன்று மதியமே ஒரு சாக்லேட் கடையில் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினார்கள். அந்தக் கணக்கு இன்னும் என் வயிற்றில் எரிகிறது.

அதனால் விசில் இல்லாத பயணம் வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இரவில் தங்குவது கூடாரமா, வண்டியா என்பதில்தான் வந்தது.

கூடாரம் மலிவு என்றார். பழகிப் பார்த்துவிடலாம் என்றேன். மகளின் அலுவலகத் தோழி ஒருத்தி மலையேறப் போகிறவள். அவளிடமிருந்து கூடாரம் இரவல் வந்தது. பொங்கல் கழிந்த வாரம், தண்டையார்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் கட்டினோம். கான்கிரீட் தரையில் முளை அடிக்க முடியாது. ஒரு கயிறு தண்ணீர்த் தொட்டிக் குழாயில், ஒன்று டிஷ் ஆன்டெனாக் கம்பத்தில், மீதி இரண்டுக்கும் செங்கல். துறைமுகத்தில் கற்ற முடிச்செல்லாம் போட்டார். கூடாரம் என்னவோ உறுதியாகத்தான் நின்றது.

படுத்தோம். கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் பெட்டிகளை ஒன்றோடொன்று இடித்து இணைக்கும் சத்தம், ஒவ்வொன்றும் முதுகுக்கு அடியில் கேட்டது. காற்று திரும்பினால் காசிமேட்டு மீன் வாடை, மறுபடி திரும்பினால் மணலிப் பக்கத்து வாடை. வடக்கே வானம் செம்மஞ்சளாக இருந்தது. சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர். இதெல்லாம் பிறந்ததிலிருந்து பழகியவை, தூக்கத்தைக் கெடுக்காது. கெடுத்தது முட்டிதான். இரவு இரண்டு மணிக்கு எழ வேண்டியிருந்தது. தரையிலிருந்து எழ முதலில் ஒருபக்கம் சாய்ந்து, கையை ஊன்றி, மண்டியிட்டு, அதற்குள் ஜிப் மாட்டிக்கொண்டு, வெளியே வந்து செருப்பைத் தேடி, இரண்டு மாடி இறங்கி, வீட்டுச் சாவி அவர் சட்டைப் பையில் இருப்பது நினைவுக்கு வந்து, மறுபடி ஏறி... காவலாளி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார், "டீச்சரம்மா, வீட்ல எதாச்சும் சண்டையா?"

மறுநாள் காலை கூடாரத்தை மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டோம். அவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனால் அதை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது எங்கள் முதல் மாடி முகாம் அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டு இரண்டு குடும்பமும் மேலே வந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை. ஒரே சிலிண்டரில் பதினோரு பேருக்குச் சோறு. மழை விட்டதும் மாடியில் தார்ப்பாய் கட்டி அங்கேதான் படுத்தோம். அதற்கு யாரும் கேம்பிங் என்று பெயர் வைக்கவில்லை. அதற்கு முன்னால் 2019 கோடையில் புழல், சோழவரம் உட்பட நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றிப்போனபோது, லாரித் தண்ணீர் ஆறு குடத்தில் மூன்று நாள் ஓட்டியிருக்கிறோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேம்பர்வேனில், அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டியில், நல்ல தண்ணீர்த் தொட்டி சுமார் நூறு லிட்டர்தான், சிக்கனமாகப் பழக வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நூறு லிட்டரா! வட சென்னைக்காரிக்கு அது கல்யாணச் சமையலுக்கு ஆகும்.

சரி, கூடாரம் போயிற்று. வேன். இங்கே நான் படித்துத் தெரிந்துகொண்டது நிறைய. போக நினைப்பவர்களுக்கு உதவும்.

அந்த ஊரில் இரவு வண்டியை நிறுத்த மூன்று வழி. ஒன்று, ஹாலிடே பார்க் என்கிற தனியார் முகாம். நான் முதலில் பார்த்த படம் அதுதான். பொதுச் சமையலறை, வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் எந்திரம், வண்டிக்கு மின்சாரம். இருவருக்கு ஓர் இரவுக்கு ஐம்பது, அறுபது டாலர் போலக் கேட்கிறார்கள். நாங்கள் ஒரு டாலருக்கு ஐம்பது ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். இரண்டாவது, அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம்கள். மலையடிவாரம், ஏரிக்கரை என்று இடம் அற்புதம்; வசதி குறைவு; பலவற்றில் கழிப்பறையும் தண்ணீரும் மட்டும். மூன்றாவது, காசே கொடுக்காமல் அனுமதித்த இடத்தில் நிறுத்திக்கொள்வது. இதற்குத்தான் கட்டுப்பாடு அதிகம். வண்டி தன் கழிவைத் தானே சுமக்கக்கூடியது என்று சான்று வாங்கியிருக்க வேண்டும், பச்சை அட்டை ஒட்டியிருக்க வேண்டும். 2023-இல் வந்த சட்டத்தின்படி, கையில் தூக்கி வைக்கிற சிறிய கழிப்பறை போதாது. வண்டியிலேயே நிலையாகப் பொருத்தியதாக இருக்க வேண்டும்.

இந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டிக்குள்ளேயே கழிப்பறை! இரண்டு பேருக்கு ஒன்று! ஸ்டோர் வீட்டுக் கணக்கில் இது அரண்மனை.

"அப்ப இந்த வண்டிதான்" என்றேன்.

"வாடக ஜாஸ்திம்மா."

"ஒன்பது குடித்தனத்துக்கு ரெண்டு. அந்தக் கணக்க நான் முடிச்சிட்டேன். மறுபடி தொறக்க மாட்டேன்."

வாடகையில் மட்டும் முடியவில்லை விஷயம். அந்தக் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதை வெளியே உருவி, சூட்கேஸ் போலத் தள்ளிக்கொண்டு போய், அதற்கென்று ஊருக்கு ஊர் இருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவி, மருந்து ஊற்றி மாட்ட வேண்டும். இதை யார் செய்வது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் இந்த வேலையைச் செய்ய ஆட்கள் விடியலில் வருவார்கள், யாரும் அவர்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அங்கேயோ ஓய்வு பெற்ற டாக்டரும் வக்கீலும் அவரவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்று வானிலை பேசிக்கொள்கிறார்களாம். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நா பாத்துக்கறேன். என்னுதுதானே" என்றார். என்னுடையதும்தான் என்று நான் திருத்தவில்லை.

அப்புறம் பாதை. இதில்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது, அதிகச் சந்தோஷமும் கிடைத்தது.

அந்த நாட்டின் இரண்டு பெரிய தீவுகளில் நாங்கள் சுற்றப்போவது தெற்குத் தீவு. அது நம் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் வாழ்பவர்கள் மொத்தம் பன்னிரண்டு லட்சம் பேர்தான். இவர் போட்ட முதல் பட்டியலில் இருபது நாளில் பதினேழு ஊர். வரைபடத்தைத் தமிழ்நாட்டின் மேல் வைத்துப் பார்த்தால் சென்னை, கொடைக்கானல், கன்னியாகுமரி, ஊட்டி, மறுபடி சென்னை என்று வருகிறது. இது விசில் இல்லாத விசில் டூர் என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தேன். விடைத்தாள் திருத்திய கை. இரண்டு விதி வைத்தேன். ஓர் ஊரில் இறங்கினால் குறைந்தது மூன்று இரவு. நடுவில் ஓர் இரவு மட்டும் தங்கினால் அது இளைப்பாறல், கணக்கில் சேராது. வண்டி ஓட்டும் நாளில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களை "ஓய்வு" என்று அட்டவணையில் எழுதுவதையும் தடைசெய்தேன். அது ஓய்வல்ல, அதற்காகத்தான் போகிறோம்.

முதலில் விழுந்தது குயின்ஸ்டவுன். கயிறு கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து குதிக்கும் ஊர் எங்களுக்கு எதற்கு? அடுத்தது மேற்குக் கரைப் பனியாறுகள். அங்கே மழை அதிகம், அதோடு சாண்ட்ஃப்ளை என்றொரு பூச்சி கடித்தால் நாள் கணக்கில் அரிக்குமாம். கொசுக்கடிக்குக் காசு கொடுத்து வெளிநாடு போக வேண்டியதில்லை, பக்கிங்காம் கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசியில் மில்ஃபோர்ட் சவுண்ட், மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து நிற்கும் இடம். இதை வெட்டியதும் மகள், மருமகன், எதிர்வீட்டுக்காரர், வங்கிக் காசாளர் எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள். "நியூசிலாந்து போய் மில்ஃபோர்ட் பாக்காமலா?" பாக்காமல்தான். இவர்களில் யாரும் நியூசிலாந்து போனதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியது இது. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி இரண்டு இரவு விடுதியில். நம்மைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர் அது. தூக்கக் கலக்கத்தோடு பெரிய வண்டியை எடுக்கக் கூடாது. பிறகு ஜெரால்டின் என்ற சிற்றூரில் ஓர் இரவு இளைப்பாறி, மறுநாள் டெக்காப்போ ஏரி, நான்கு இரவு. அங்கிருந்து அவோராக்கி மலையடிவாரம், நான்கு இரவு. 3,724 மீட்டர், அந்த நாட்டின் உயரமான மலை. அந்தப் பக்கத்து ஏரிகள் பால் கலந்த நீலமாக இருப்பதற்குக் காரணம், பனியாறு பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்துவிடுவதுதான். மலைக்கே ஆட்டுக்கல். அப்புறம் ஓமரு என்ற கடற்கரை ஊரில் மூன்று இரவு; பூனைக்குட்டி உயரத்தில் நீலப் பென்குயின்கள் இருட்டியதும் கடலிலிருந்து கூட்டமாகக் கரையேறி வீடு திரும்புமாம். காசிமேட்டில் விடியற்காலை படகு வருவதை வேடிக்கை பார்க்கும் ஆள் இவர். விட்டால் மூன்று இரவும் அங்கேயே நிற்பார்.

டெக்காப்போவில் நான்கு இரவு கேட்டது நான். அந்தப் பகுதி 2012-இலிருந்து இருள்வானக் காப்பிடம். தெருவிளக்குகூட வானத்தைக் கெடுக்காதபடி போட்டிருக்கிறார்கள். வகுப்பில் வருடா வருடம் அகத்தியர் தெற்கே போன கதையைச் சொல்லியிருக்கிறேன். அவர் பெயரில் உள்ள நட்சத்திரத்தை எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தை, மாசி இரவுகளில் துறைமுகக் கிரேன்களின் விளக்குகளுக்கு மேலே, தெற்கே தாழ்வாகத்தான் தெரியும். அங்கே அது மறைவதே இல்லை. மார்ச் மாதத்தில் இருட்டும்போது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். தெற்கே போக அகத்தியர் உயர்வார் என்பது எனக்கு வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. தினசரி நாட்காட்டியில் அமாவாசை பார்த்து டெக்காப்போ நாட்களை வைத்திருக்கிறேன். நல்ல காரியத்துக்கு அமாவாசையா என்று என் நாத்தனார் கேட்டார். இந்தக் காரியத்துக்கு அமாவாசைதான் முகூர்த்தம்.

மார்ச்சைத் தேர்ந்தெடுத்ததற்கு வாடகையும் ஒரு காரணம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் அவர்களுக்குக் கோடை விடுமுறை. முகாம்கள் நிரம்பி வழியும், வண்டி வாடகை யானை விலை. மார்ச்சில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும், வெயிலும் மிச்சம் இருக்கும். ஆசிரியையாக இருந்தவரை பள்ளி விடுமுறையில் மட்டுமே ஊருக்குப் போக முடிந்தவள் நான். எல்லோரும் வகுப்பில் இருக்கும்போது ஊர் சுற்றுவது தனி ருசி.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. இவருடைய ஓட்டுநர் உரிமம் இப்போது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, மருத்துவச் சான்றோடு. அதை முதலில் முடித்தோம். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. ஒரு வருடம்தான் செல்லும், ஆகவே சீக்கிரமாக வாங்கிவிடக் கூடாது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது பெரிய ஆறுதல். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிய மனிதருக்குக் காலிச் சாலைதான் பயமாம். ஒருவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் யாருக்குச் சிறிய சிவப்பு அம்புக்குறியோ அவர் நின்று வழிவிட வேண்டும். நம் ஊரில் பெரிய வண்டிக்காரர் போவார், அங்கே பெரிய அம்புக்காரர். விசாவுக்குக் கையிருப்பு காட்ட வேண்டும்: ஆளுக்கு மாதம் ஆயிரம் நியூசிலாந்து டாலர். விசாவோடு சேர்த்து நூறு டாலர் சுற்றுலா வரியும் வாங்கிவிடுகிறார்கள். மருத்துவக் காப்பீட்டில் இவருடைய சர்க்கரை, என் ரத்த அழுத்தம் இரண்டையும் மறைக்காமல் எழுதினோம், தவணை ஏறினாலும். அங்கே விபத்தில் அடிபட்டால் வெளிநாட்டவருக்கும் அரசு ஏற்பாட்டில் சிகிச்சை உதவி உண்டு, ஆனால் நோய் என்று படுத்தால் முழுச் செலவும் நம் தலையில். மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. டாக்டர் சீட்டோடு, கடை அட்டையோடு. ஞாயிறு, திங்கள் என்று பிரித்துப்போடும் டப்பாவை இங்கிருந்து காலியாகத்தான் எடுத்துப்போகிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நியூசிலாந்துக்காரர்கள் விமான நிலையத்தில் துப்பாக்கியைவிடக் கறிவேப்பிலைக்கு அதிகம் பயப்படுகிறார்கள் என்று தோன்றும். தங்கள் பயிருக்கும் மரத்துக்கும் வெளியூர்ப் பூச்சியோ விதையோ வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். பழம், காய், இலை, தேன் எதுவும் கூடாது. சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் காட்டினால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது குப்பையில் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் பையில் ஒரு ஆப்பிள் இருந்தால்கூட நின்ற இடத்தில் நானூறு டாலர் அபராதம். இருபதாயிரம் ரூபாய்க்கு ஆப்பிள்! மண் ஒட்டிய செருப்பையும் கூடாரத்தையும்கூடச் சொல்ல வேண்டும். இரவல் கூடாரம் திரும்பிப் போனது நல்லதாய்ப் போயிற்று.

வீட்டில் அரைத்த பருப்புப் பொடியை எடுத்துப்போகலாமா என்று ஒரு மாதம் தவித்தேன். பெயரில்லாத பொட்டலத்தில் பழுப்புநிறப் பொடியைக் கண்டு ஓர் அதிகாரி என்ன நினைப்பார்? கடைசியில் என் பொடியை விட்டுவிட்டு, என்னென்ன சேர்ந்தது என்று அச்சடித்த, மூடி முத்திரையிட்ட கடைப் பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போவதென்று முடிவு. நாற்பது வருடச் சமையலில் இது எனக்கு ஒரு தோல்விதான். அரிசி, பருப்பு, தயிர், தேங்காய்ப்பால் எல்லாம் கிறைஸ்ட்சர்ச்சிலேயே கிடைக்கிறது. ஐந்து லிட்டர் வேண்டாம், இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று போதும். தாளிப்புக் கரண்டியும் உண்டு. அது இல்லாமல் என்னால் ஒரு நாட்டுக்கும் போக முடியாது.

இவர் நெத்திலிக் கருவாடு கேட்டார். விதி என்ன சொல்கிறது என்று நான் பார்க்கவேயில்லை. ஏழு மீட்டர் வண்டி, அதில்தான் படுக்கை, அதில்தான் சமையல். கருவாடு வறுத்தால் வாடகைக் கம்பெனிக்காரர் வண்டியைத் திரும்ப வாங்க மாட்டார். ஆனால் அவருக்கு ஓர் ஆறுதல் கண்டுபிடித்திருக்கிறேன். வடக்கே கைகோரா என்ற ஊர் வருகிறது. மாவோரி மொழியில் "கை" என்றால் உணவு, "கோரா" என்றால் சிங்கி இறால். ஊர்ப் பெயரே சிங்கி இறால் சாப்பாடு! அங்கே நான்கு இரவு. காசிமேட்டில் சிங்கி இறால் நேரே ஏற்றுமதிப் பெட்டிக்குப் போவதைப் பார்த்தே வயதாகிவிட்டவர், அங்கேயாவது உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இனி மணி. மணிக்காகத் தொடங்கிய பயணம். கடைசிப் பட்டியலைத் தட்டச்சு செய்து என்னிடம் கொடுத்தபோது அதில் மணி இல்லை.

விஷயம் இதுதான். வெலிங்டன் இருப்பது வடக்குத் தீவில். தெற்குத் தீவின் முனையில் பிக்டனில் கப்பல் ஏறி, மூன்றரை மணி நேரம் குக் நீரிணையைக் கடந்து போக வேண்டும். வண்டியையும் கப்பலில் ஏற்றலாம், ஆனால் செலவு. வண்டியைப் பிக்டனில் நிறுத்திவிட்டு நாங்கள் மட்டும் போய் இரண்டு இரவு தங்கி வந்தால், பூட்டிய வண்டிக்கும் வாடகை, விடுதிக்கும் வாடகை. எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, தானே பேசாமல் வெட்டியிருக்கிறார். கேட்டால், "இன்னா பண்றது, மணிதானே. ஃபோட்டோலதான் பாத்துட்டமே" என்கிறார்.

கழிப்பறை உள்ள வண்டிக்கு நான் பிடிவாதம் பிடித்ததில் கூடிய தொகையும், வெலிங்டனுக்கு ஆகும் தொகையும் ஏறக்குறைய ஒன்று. அவர் அதைச் சொல்லவில்லை. கணக்கு எனக்கும் வரும்.

அதனால் அவோராக்கியில் ஓர் இரவைக் குறைத்தேன். கிறைஸ்ட்சர்ச்சில் கடைசி நாள் கடை சுற்றுவதற்கு வைத்திருந்ததை எடுத்தேன். பேத்திக்குக் கம்பளிச் சட்டை வாங்குவதாக இருந்தேன்; சென்னையில் அதைப் போட்டுக்கொண்டு என்ன செய்யப் போகிறாள்? சிவப்புப் பேனாவால் கீழே எழுதினேன்: பிக்டன் இரண்டு இரவு, கப்பல், வெலிங்டன் இரண்டு இரவு, கப்பல். மணியைப் பார்க்க முடியுமா என்று அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அருங்காட்சியகங்கள் தம்மிடம் உள்ள எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைத்திருப்பதில்லை. கடிதத்தை நானே எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த எழுத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்றாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். அங்கே அதைத் தினமும் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? மணி காட்சியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இவர் கப்பலில் ஏறிவிடுவார்.

தண்டையார்பேட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ மாறாமல் போகிறது. ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பை. அதற்குமேல் எது வந்தாலும் வீட்டிலேயே நிற்கும் என்பது மூன்றாவது விதி. நேற்று பெட்டியை ஒத்திகைக்காக அடுக்கிக்கொண்டிருந்தேன். குக்கருக்குள் துணி, துணிக்குள் தாளிப்புக் கரண்டி. கடைசியாக எம்.சி. ரோட்டில் வாங்கிய நீல நிறப் பிளாஸ்டிக் மக் ஒன்றை ஓரத்தில் செருகினேன். அந்த ஊர்க் கழிப்பறைகளில் காகிதம் மட்டும்தான், இது தெரிந்ததுதானே.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டுப் பொருட்களின் பட்டியலும் பேனாவுமாக வந்து நின்றார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த மக்கையும் எழுதணுமா?"